காலா, தலையா, தரையா: கனமான சினிமா கேமரா ஆடும்போது பார்க்க வேண்டியவை

மதுரைப் பக்கம் படப்பிடிப்புக்குச் சாமான் எடுக்க வருபவர்கள் கேமராவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள், லென்ஸைப் பற்றி இன்னொரு மணி நேரம். டிரைபாட் கால், அதாவது கேமராவைத் தாங்கும் முக்காலி, என்று வந்ததும், "கனம் தாங்குகிற மாதிரி ஏதாவது ஒன்றைக் கட்டுங்கள்" என்று முடித்துவிடுவார்கள். கடையில் நிற்கும் தம்பியும், "இதன் மேல் நீங்களே ஏறி நிற்கலாம் அண்ணே" என்று ஒன்றை எடுத்து வைப்பான். அவன் சொல்வது பொய்யில்லை. நின்ற இடத்தில் எடையைச் சுமப்பது எந்தக் காலுக்கும் எளிய வேலை. மேலே இருக்கும் கேமராவைத் திருப்பும்போது முறுக்கிக்கொள்ளாமல் நிற்பதுதான் கடினம். காலுக்குக் கால் வாடகை ஏன் மாறுகிறது என்பதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம்.

கீழே உள்ள பகுதிகளில் உங்கள் படத்தில் எந்தக் கோளாறு தெரிகிறதோ அங்கே நேராகப் போகலாம். முதல் இரண்டை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

முதலில் தராசு

2010-இல் வந்த முதல் அலெக்ஸா சினிமா கேமராவின் உடல் எடை 6 கிலோவுக்கு மேல். 2015-இல் வந்த அலெக்ஸா மினி 2.3 கிலோ. உடல் இளைத்ததைப் பார்த்து எல்லோரும் காலையும் இளைக்க வைத்துவிட்டார்கள். அந்த மினியின் முன்னால் ஆஞ்செனியூ ஆப்டிமோ 24-290 ஜூமை மாட்டிப் பாருங்கள்: லென்ஸ் மட்டும் 11 கிலோ. அதைத் தாங்க ஓகானர் 2575 போன்ற பெரிய தலை (காலின் மேல் உட்கார்ந்து கேமராவைத் திருப்பும் பாகம்) வேண்டும், அது சுமார் 9 கிலோ. அடித்தட்டு, கம்பிகள், மேட் பாக்ஸ் (லென்ஸ் முன் வேண்டாத ஒளியை மறைக்கும் பெட்டி), ஃபோக்கஸ் மோட்டார், மானிட்டர், பேட்டரி, வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டர் என்று சேர்ந்தால் இன்னும் 5, 6 கிலோ. ஆக, "சின்ன கேமராதான்" என்று சொல்லப்பட்டது 28 கிலோவில் வந்து நிற்கிறது.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. தலையில் எழுதியிருக்கும் சுமைத்திறன், தலைக்கு மேலே இருப்பதற்கானது. காலில் எழுதியிருப்பதில் தலையின் எடையும் அடங்க வேண்டும். சாக்லர் ஃப்ளோடெக் 75 என்ற காலுக்கு 20 கிலோ, ஃப்ளோடெக் 100-க்கு 30 கிலோ என்று குறித்திருக்கிறார்கள். மேலே போட்ட கணக்கின்படி ஃப்ளோடெக் 75 ஆகாது. 100-இல் ஏற்றினால் விளிம்பில் நிற்கிறது. குறித்த எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது என் வழக்கம். பான் கைப்பிடியில் (கேமராவைத் திருப்பப் பிடிக்கும் கைப்பிடி) சாய்ந்து நிற்கும் ஆளின் கையும் ஒரு சுமைதான், அதை யாரும் எழுதி வைப்பதில்லை.

எடையை ஊகிக்க வேண்டாம். காய்கறிக் கடைகளில் தொங்கும் டிஜிட்டல் கொக்கித் தராசு ஒன்று போதும். லென்ஸ், தலை, மற்றவை எனத் தனித்தனியாக நிறுத்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆட்டம் எங்கிருந்து வருகிறது

கேமராவை ஏற்றுங்கள். ஜூமை நீளமான முனைக்குக் கொண்டுபோங்கள். எதிரே உள்ள கதவு விளிம்பையோ மின்கம்பத்தையோ மானிட்டரின் குறுக்குக்கோட்டில் நிறுத்துங்கள். பான் (பக்கவாட்டுத் திருப்பம்), டில்ட் (மேல்கீழ் சாய்ப்பு) இரண்டையும் பூட்டிவிட்டு, பான் கைப்பிடியின் நுனியை ஒரு விரலால் பக்கவாட்டில் மெல்லத் தள்ளி விடுங்கள்.

குறுக்குக்கோடு நகர்ந்து, விரலை எடுத்ததும் பழைய இடத்துக்கே திரும்பி வந்தால், ஏதோ ஒன்று ஸ்பிரிங் போல வளைகிறது. திரும்பி வராமல் புதிய இடத்தில் நின்றுவிட்டால், ஏதோ ஒன்று வழுக்குகிறது அல்லது தளர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு. முன்னதற்குக் காலை மாற்ற வேண்டியிருக்கும். பின்னதற்கு அனேகமாக ஒரு திருகை இறுக்கினால் போதும்.

அடுத்து, உதவியாளர் அதே போலத் தள்ளட்டும். நீங்கள் பவுலின், அதாவது காலின் உச்சியில் தலை உட்காரும் கிண்ணத்தின், விளிம்பில் விரல் நுனியை வைத்துப் பாருங்கள். பவுலே நகர்ந்தால் குற்றம் காலிலோ தரையிலோ. பவுல் அசையாமல் தலை மட்டும் நகர்ந்தால் தலையின் பூட்டு. தலையும் அசையாமல் கேமரா மட்டும் நகர்ந்தால் அடித்தட்டின் திருகு. "கால் சரியில்லை" என்று கடைக்குத் திரும்பி வருபவற்றில் அடித்தட்டுத் திருகு தளர்ந்த கதைகளும் கணிசமாக உண்டு.

பான் நின்றதும் படம் பின்னால் இழுக்கிறது

மேலே சொன்ன முறுக்கம் இதுதான். ஊஞ்சலை முறுக்கிவிட்டால் அது தானே எதிர்ப்பக்கம் சுற்றுமே, அது போல. நீங்கள் பான் செய்யும்போது தலைக்குள் இருக்கும் இழுவை உங்கள் கையின் விசையில் ஒரு பங்கைப் பவுலுக்குக் கடத்துகிறது. கால் அந்தத் திசையில் கொஞ்சம் முறுக்கிக்கொள்கிறது. நீங்கள் நிறுத்தியதும் முறுக்கம் பிரிகிறது, படம் ஒரு நூல் பின்னால் வருகிறது. பான் தொடங்கும் கணத்திலும் இதே கோளாறு இருக்கும்: கை நகர்ந்தும் படம் நகராமல் இருந்து, பிறகு சட்டென்று கிளம்பும். தொடக்கத்தில் வருவதை ஒளிப்பதிவாளர்கள் பலர் தங்கள் கையின் குறை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அகல லென்ஸில் இது தெரியாது. கால் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு முறுக்கிக்கொள்கிறது என்று வையுங்கள். சூப்பர் 35 சென்சாரில் 24 மில்லிமீட்டரில், 3840 பிக்சல் அகலமுள்ள படத்தில் அது ஆறேழு பிக்சல். அதே முறுக்கம் 290 மில்லிமீட்டரில் 80 பிக்சலை நெருங்குகிறது. கால் மாறவில்லை, லென்ஸ்தான் அதைக் காட்டிக் கொடுக்கிறது. ஆகவே காலைத் தேர்ந்தெடுக்கும்போது "கேமரா எத்தனை கிலோ" என்ற கேள்விக்குச் சமமாக, "இந்தப் படத்தில் மிக நீளமான லென்ஸ் எது" என்றும் கேட்க வேண்டும்.

படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் உடனே செய்யக்கூடியவை சில. தலையின் பான் இழுவையை ஒரு படி குறையுங்கள். இழுவை குறைந்தால் காலுக்குப் போகும் விசையும் குறையும். காலின் கடைசி அடுக்கு, அதாவது எல்லாவற்றிலும் மெல்லிய குழாய், நீண்டிருந்தால் அதை உள்ளே தள்ளிவிட்டு, குறையும் உயரத்தைப் பெட்டியோ பலகைமேடையோ வைத்து ஈடுகட்டுங்கள். நடுவில் மூன்று கால்களையும் இணைத்துப் பிடிக்கும் ஸ்ப்ரெடரை அதன் எல்லை வரை விரித்து இறுக்கிப் பூட்டுங்கள். இவ்வளவும் செய்து கோளாறு பாதியாகக் குறைந்தால் அதுவே பெரிது.

நிரந்தரத் தீர்வு வேறு கால். மெல்லிய சுவர் உள்ள குழாயின் முறுக்க எதிர்ப்பு அதன் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது: சுவரின் தடிமன் மாறாமல் விட்டம் இரட்டித்தால் எதிர்ப்பு எட்டு மடங்கு. இரட்டைக் குழாய்க் கால்கள் இதே காரியத்தை வேறு வழியில் செய்கின்றன; இரண்டு குழாய்களும் விலகி நிற்பதாலும், மேலே கீல் அகலமாக இருப்பதாலும் திருகலுக்கு இடம் குறைகிறது. பெரிய ஜூமுக்கு நான் கேட்டு வாங்குவது, இரண்டே அடுக்கு உள்ள, இரட்டைக் குழாயுடைய, 150 மில்லிமீட்டர் பவுல் அல்லது மிட்செல் தட்டுள்ள (பவுலுக்குப் பதில் தட்டைத் தளம்) கனமான கால். ரான்ஃபோர்ட் பேக்கர், ஓகானர் வகைக் கால்கள் இந்தப் பிரிவில் வருகின்றன. தூக்கும் உதவியாளர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

கார்பனா, அலுமினியமா என்று கேட்பவர்களுக்கு: கார்பன் எடை குறைவு, அதிர்வு அதில் சீக்கிரம் அடங்கும். ஆனால் மெலிந்த கார்பன் காலைவிடத் தடித்த அலுமினியக் கால் குறைவாகவே முறுக்கிக்கொள்ளும். கீழக்குயில்குடியில் சமணர் மலைப் படிகளில் தோளில் சுமந்து ஏற வேண்டுமென்றால் கார்பனுக்குக் கூடுதல் வாடகை கொடுங்கள். வண்டி பக்கத்திலேயே வந்து நிற்கும் இடத்தில் அந்தப் பணத்தை மிச்சப்படுத்தி மணல் மூட்டை வாங்கலாம்.

தலை பவுலில் உட்காரவில்லை, அல்லது உட்கார்ந்தும் நழுவுகிறது

பவுல்கள் மூன்று அளவில் புழங்குகின்றன: 75, 100, 150 மில்லிமீட்டர். 75-ஐக் கனமான சினிமா கேமராவுக்கு எண்ணிக்கூடப் பார்க்க வேண்டாம். முழுதாக ஏற்றிய கேமரா 12 கிலோ வரை, லென்ஸும் சாதாரண நீளம் என்றால் 100 போதும். அதற்கு மேல் 150. தலையின் அடியில் இருக்கும் சிறிய அரைப்பந்தைப் பெரிய பவுலில் வைக்க அடாப்டர் உண்டு, நன்றாகவே வேலை செய்யும். பெரிய பந்தைச் சிறிய பவுலில் வைத்து இறுக்கப் பார்ப்பவர்களையும் கண்டிருக்கிறேன். விளிம்பில் மட்டுமே தொட்டுக்கொண்டு நிற்கும் அந்தத் தலையின் கீழ் யாரும் நடக்காமல் இருப்பது நல்லது.

மிட்செல் என்பது பந்தே இல்லாத தட்டைத் தளம். இடம்பெயராதபடி காடி இருக்கும், கீழிருந்து பெரிய திருகு இறுக்கும். நழுவுவதற்கு அதில் எதுவும் இல்லை என்பதால் டாலிக்கும் கிரேனுக்கும் அதுதான் வழக்கம். அதன் குறை என்னவென்றால், ரசமட்டக் குமிழியை நடுவில் கொண்டுவரப் பந்தை உருட்ட முடியாது. ஒவ்வொரு காலின் நீளத்தையும் மாற்ற வேண்டும், அல்லது மட்டப்படுத்தும் தளம் ஒன்றை இடையில் போட வேண்டும். மேடுபள்ளத்தில் வேகமாக இடம் மாற்றும் படப்பிடிப்புக்கு இது பொறுமையைச் சோதிக்கும்.

பவுல் சரியான அளவு, ஆனாலும் மட்டம் தானே சாய்கிறது என்றால் பந்தையும் பவுலையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். வியர்வையும் தூசியும் கலந்த படலம் ஒன்று அங்கே படிந்திருக்கும். பிறகு அடியில் உள்ள கைத்திருகைக் கேமரா ஏறிய பிறகு இன்னொரு முறை இறுக்குங்கள்.

கால் புதைகிறது, அல்லது விரிந்துகொண்டே போகிறது

வைகைப் படுகையின் உலர்ந்த மணலில் ஆணிமுனைக் காலை நம்பி நிற்க முடியாது. முதலில் உறுதியாக நிற்பது போல் தோன்றும். ஒரு ஷாட்டுக்குள் ஒரு கால் அரை அங்குலம் இறங்கிவிடும். அடியில் ஈரமணல் தட்டும் வரை முனையை அழுத்திக் குத்திப் பார்க்கலாம். தட்டவில்லையென்றால் முக்கால் அங்குல ஒட்டுப்பலகை ஒன்றைப் போட்டு, அதன் மேல் தரை ஸ்ப்ரெடருடன் (கால் நுனிகளைத் தரைமட்டத்தில் இணைப்பது) காலை நிறுத்துவதே வழி. மூன்று காலுக்கும் மூன்று தனிப் பலகை போடுவதைவிட ஒரே பெரிய பலகை மேல். மூன்றும் சேர்ந்து இறங்கினால் மட்டம் அவ்வளவாகக் கெடாது.

சோழவந்தான் வயல்களில் கதை வேறு. வரப்பு ஒற்றைக் காலின் அகலமே இருக்கும்; மற்ற இரண்டும் சேற்றில்தான். அங்கே தரை ஸ்ப்ரெடர் உதவாது, அதன் கைகள் சமதரையைக் கேட்கும். நடு ஸ்ப்ரெடர் மாட்டி, ஆணிமுனைகளுக்கு அடியில் பலகைத் துண்டுகள் கொடுங்கள். இன்னொன்று: சேறும் நனைந்த கரிசலும் உங்கள் எடையையும் கடத்தும். கேமரா இயக்குபவர் கால் மாற்றி நின்றாலே படம் சாயும். அவருக்குத் தனிப் பலகை போட்டு, அது டிரைபாட் பலகையைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் மழைக்குப் பிறகு இது இன்னும் மோசம். காலை உருவும்போது ரப்பர் பாதம் மண்ணிலேயே தங்கிவிடும்.

சரிவிலும் படிக்கட்டிலும் இரண்டு கால் பள்ளத்தில், ஒரு கால் மேட்டில். தெப்பக்குளத்துப் படிகளில் இறங்கி மைய மண்டபத்தை எடுப்பவர்கள் இதை மாற்றி வைத்தால், லென்ஸ் கனத்தில் கேமரா தண்ணீரைப் பார்த்துக் கவிழ ஒரே ஒரு கால்தான் தடை.

கால் தரையில் வழுக்குகிறது

திருமலை நாயக்கர் மகாலின் வழவழப்பான தரையிலும் வெயிலில் காய்ந்த வெறும் பாறையிலும் ஆணிமுனை வழுக்கும். கீறவும் செய்யும். சமணர் மலையில் பாறையிலேயே புடைப்புச் சிற்பங்களும் பழைய எழுத்துகளும் இருக்கின்றன. அங்கே இரும்பு முனை ஊன்றுவது குற்றம், அனுமதிக் கடிதம் கையில் இருந்தாலும். ரப்பர் பாதம் மாட்டி, அடியில் பழைய ஜமுக்காளத் துண்டோ ரப்பர் பாயோ போடுங்கள். மகாலில் தரை ஸ்ப்ரெடர் நன்றாக நிற்கும்.

காற்றில் நடுக்கம்

ஆடிக்காற்றில் யானைமலை மேலிருந்து நீளமான லென்ஸில் ஊரை எடுக்க நினைத்தால் முதலில் மேட் பாக்ஸின் மேல் தகட்டைக் கழற்றுங்கள், அது பாய்மரம். கேமராவைத் தாழ்த்துங்கள். மணல் மூட்டையை நடுவில் தொங்கவிடாதீர்கள். அது ஊசலாடி ஆட்டத்தைக் கூட்டும். ஸ்ப்ரெடரின் கைகள் மேல் சாய்த்துப் போட்டுக் கட்டுங்கள், அல்லது மூட்டை தரையைத் தொடும்படி இழுத்துக் கட்டுங்கள்.

உயரம் போதவில்லை, அல்லது தாழவில்லை

ஒரே டிரைபாட் தரையையும் தொட்டு ஆள் உயரத்தையும் தாண்ட வேண்டுமென்றால் அதற்கு மூன்று அடுக்கு வேண்டும். மூன்றாவது அடுக்கு எப்போதும் மெல்லியது. கனமான கேமராவுக்கு ஸ்டாண்டர்ட் (முழு உயரக் கால்) ஒன்று, பேபி (குட்டைக் கால்) ஒன்று, ஹை ஹேட் (தரையோடு ஒட்டி நிற்கும் தளம்) ஒன்று என்று மூன்றாக எடுங்கள். வாடகைப் பட்டியலில் முதலில் வெட்டப்படுவது பேபிதான். பிறகு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் கண்மட்டத்துக்குக் கேமராவை இறக்க முடியாமல் ஸ்டாண்டர்ட் கால்களை ஒரு மைல் அகலத்துக்கு விரித்து வைத்திருப்பார்கள். அப்படி விரித்த கால் சுமையைப் பக்கவாட்டில் வாங்குகிறது, கீல்கள் தேய்கின்றன.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதை எடுக்க வேண்டுமென்றால் தலைகளுக்கு மேலே போக வேண்டும். அதற்குக் காலை நீட்டாதீர்கள். உயர்ந்த இடத்தைப் பிடியுங்கள், அங்கே பேபியை வையுங்கள். கூட்டத்தின் நடுவே முழுதாக நீட்டிய காலில் 28 கிலோவை நிறுத்துவது கேமராவுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கும் குழந்தைக்கும் ஆபத்து.

எல்லாம் சரி, ஆனாலும் ஆடுகிறது

வைகை மேலுள்ள ஆல்பர்ட் விக்டர் பாலம் 1889-இல் திறக்கப்பட்டது. இன்றும் அதன் மேல் வண்டிகள் ஓய்வதில்லை. அங்கே நின்று 200 மில்லிமீட்டருக்கு மேல் லென்ஸ் போட்டால் பஸ் கடக்கும் ஒவ்வொரு முறையும் படம் துடிக்கும். எந்த விலையுள்ள காலும் இதைத் தீர்க்காது, உறுதியான கால் அதிர்வை இன்னும் ஒழுங்காகக் கேமராவுக்குக் கொண்டுபோகும். கரைக்கு இறங்குங்கள், அல்லது குட்டையான லென்ஸுக்கு மாறுங்கள்.

அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் ஜல்லிக்கட்டுக்குக் கட்டும் பார்வையாளர் மேடைகளுக்கும் இதே விதி. காளை வெளியே வந்ததும் மொத்தக் கூட்டமும் எழுந்து குதிக்கிறது, மேடையும் குதிக்கிறது. பந்தல்காரரிடம் முன்கூட்டியே பேசி, கேமராவுக்கு மட்டும் பொதுமேடையோடு எந்தக் கம்பியும் சேராத தனிச் சாரம் போட்டுக்கொள்ள முடிந்தால் பாதிக் கவலை தீரும். சாரத்தைத் தரையில் புதைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

கைப்பிடியை விட்டதும் கேமரா முன்னால் கவிழ்கிறது, அல்லது பின்னால் எழும்புகிறது என்றால் காலைத் திட்டாதீர்கள். அது தலையின் எதிர்ச்சமநிலை, அதாவது கேமராவின் எடையை ஈடுகட்டும் ஸ்பிரிங் விசை. அடித்தட்டில் கேமராவை முன்பின் நகர்த்தி நடுப்புள்ளியைக் கண்டுபிடித்த பிறகு தலையின் ஸ்பிரிங்கை எடைக்கேற்பத் திருப்புங்கள்.

ஒரு கால் மெல்ல இறங்குகிறது

எடை ஏற்றிய பிறகு, ஒவ்வொரு குழாயும் அடுத்ததற்குள் நுழையும் இடத்தில் வெள்ளை டேப்பில் ஒரு கோடு போடுங்கள். பத்து நிமிடம் கழித்து எந்தக் கோடு மறைந்திருக்கிறதோ அந்தப் பூட்டுதான் குற்றவாளி. நெம்புப் பூட்டு என்றால் அதன் பக்கத்தில் ஒரு சிறிய ஆலன் திருகு இருக்கும், ஒரு சுற்றில் நான்கில் ஒரு பங்கு இறுக்கிப் பாருங்கள். திருகுப் பூட்டு என்றால் கழற்றிப் பார்க்க வேண்டும். உள்ளே வைகை மணல் இருக்கும்.

மணலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, குழாய்களை முழுதாக நீட்டி நிழலில் உலர்த்தி, துணியால் துடைத்தால் போதும். கிரீச்சென்ற சத்தத்துக்காகக் குழாயில் தேங்காய் எண்ணெயோ தையல் இயந்திர எண்ணெயோ விடுவது ஊர் வழக்கமாகிவிட்டது. பூட்டு பிடிப்பதே உராய்வால்தான். எண்ணெய் அதைத்தான் எடுத்துவிடுகிறது. எண்ணெய் பட்ட குழாயை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து எடுங்கள். இறுக்கியும் துடைத்தும் கோடு மறைந்தால், அந்தக் காலில் இனிக் கேமரா ஏற்றக் கூடாது. திருப்பிக் கொடுக்கும்போது எந்தக் கால், எந்தப் பூட்டு என்று டேப்பில் எழுதி ஒட்டிக் கொடுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் காலை அது வேறொரு குழுவின் வண்டியில் ஏறிவிடும்.